திருவட்டாறு வரை நிற்காமல்

சுதனின் யெஸ்டி மோட்டார் சைக்கிளுக்கு நின்றுபோவதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. சுசீந்திரம் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் நிற்காது. ஆசிராமம் வரை போய்த் திரும்பினாலும் நிற்காது. சுஜா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி, டாங்க் நிறைய பெட்ரோலும் போட்டு, நாலு ஊர் தாண்டிப் போகலாம் என்று கிளம்பினால் மட்டும் அதற்கு மூச்சு முட்டும். முதலில் ஒரு செருமல். பிறகு இரண்டு விக்கல். அப்புறம் எஞ்சின் அடங்கி, பக்கத்து வயலில் தவளை கத்துவது தெளிவாகக் கேட்கும்.

வண்டிக்குத் தன்னைக் கண்டால்தான் ஆகாது என்று சுஜா தீர்மானித்து வைத்திருந்தாள்.

அவள் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சுதனுக்குச் சுசீந்திரத்தில் உரக்கடை. யூரியா, பொட்டாஷ் மூட்டைகளுக்கு நடுவே ஆறு நாள் உட்கார்ந்திருப்பவன் ஏழாம் நாள் யெஸ்டிக்கு அடியில் படுத்திருப்பான். மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், சீட்டின் மேல் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதைக் கண்டெடுத்து வந்தவன் அவன். துரு சுரண்டி, மெரூன் பெயின்ட் அடித்து, குரோமியப் பூச்சு போட்டு மினுக்கியதில் வண்டி மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஓடவும் செய்தது. இந்தச் சித்திரை வரை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடியது.

அதற்குப் பிறகுதான் இந்த மூச்சுமுட்டல். டாங்கில் கிடக்கும் பெட்ரோல் ஒரு டியூப் வழியாகக் கீழே கார்புரேட்டருக்கு இறங்க வேண்டும். அங்கே காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போக வேண்டும். நடுவில் எங்கேயோ அது இறங்காமல் மக்கர் பண்ணுகிறது என்பது வரை எல்லோருக்கும் தெரிந்தது. எங்கே என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. கோட்டாறு மெக்கானிக் ததேயுஸ் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் ஜெட் என்கிற ஊசித்துளைகளை ஊதிச் சுத்தம் செய்து, சளி பிடித்திருந்தது எடுத்துவிட்டேன் என்றார். வண்டி ஓடியது. அடுத்த வாரம் நின்றது. பெட்ரோலிலேயே கோளாறு என்று உரம் வாங்க வந்த ஒருவர் சொன்னார். பங்க் மாற்றினான், ஓடியது, நின்றது. இணையத்தில் ஒரு பஞ்சாப்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பழைய கறுப்பு டியூபை எடுத்தெறிந்து, உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி கண்ணாடி டியூப் போட்டான். அதுவும் அப்படியே. எதைச் செய்தாலும் உடனே ஓடும், யார் செய்தாலும் ஓடும். அதனால் ஒவ்வொருவரும் தான்தான் சரிசெய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள்.

சுஜா இதிலெல்லாம் தலையிடுவதில்லை. வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வரும்போது தாணுமாலையன் கோயிலில் கும்பிட்டு, இலையில் மடித்த சந்தனத்தோடு வீட்டுக்கு வருவாள். தன் நெற்றிக்கு, பிள்ளைகள் நெற்றிக்கு, பிறகு வாசலில் நிற்கும் வண்டிக்கு ஒரு பொட்டு. வண்டியை அவளுக்குப் பிடிக்காது. அதில் போகிறவன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமே.

பொறுமை உடைந்தது ஒழுகினசேரிப் பாலத்தில். பஸ்ஸை விட்டுவிட்ட ஒரு காலையில், நான் கொண்டுவிடுகிறேன் என்று சுதன் ஏற்றிக்கொண்டான். பாலத்தின் நட்டநடுவில் வண்டி நின்றது. முன்னும் பின்னும் பஸ்கள் ஹாரன் அடிக்க, சுஜா வெள்ளை யூனிபார்மோடு இறங்கி வெயிலில் நடந்தாள். வார்டில் மூத்த நர்ஸ் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் அப்படியே பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சுதனிடம் கொடுத்தாள்.

"வண்டியைக் குடுத்துருங்க அத்தான். மரியஜான் எத்தனை தடவை கேட்டாச்சு."

மரியஜான் தக்கலைக்காரன். பதினாறு வருடம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து, கல்யாண போட்டோக்காரர்களுக்குப் பழைய கார், பழைய பைக், குதிரை வண்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறான். யெஸ்டியின் மேல் அவனுக்குக் கண். போட்டோ எடுக்க எஞ்சின் எதற்கு என்பது அவன் கொள்கை. எஞ்சினைக் கழற்றிவிட்டால் வண்டி கனம் குறையும், ரெண்டு பேர் தூக்கி மண்டபத்துக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று அவன் ஒருமுறை சுதன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். அன்று சுதன் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால்தான் அவன் அந்தப் பந்தயத்தைக் கட்டினான். சுஜாவின் தங்கை அஞ்சலி திருவட்டாறில் வீடு கட்டி முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பால்காய்ப்பு. பிள்ளைகள் இருவரும் சுஜாவின் அம்மாவோடு முந்தின நாளே போய்விட்டார்கள்.

"யெஸ்டியிலதான் போறோம்" என்றான் சுதன். "திருவட்டாறு வரை நிக்காம போச்சுண்ணா வண்டி நம்ம வீட்டுல இருக்கும். வழியில நிண்ணுதுண்ணா நானே மரியஜான் கையில சாவியைக் குடுக்கேன். பொறவு ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"எத்தனை தடவை நிண்ணா?"

"ஒரு தடவை" என்று வாய்விட்டுவிட்டு, உடனே முகம் வாடினான். ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

ஞாயிறு காலை வண்டி பளபளவென்று வாசலில் நின்றது. வழியில் பங்க் தேட வேண்டாம் என்று டாங்கை வாய் வரை நிரப்பியிருந்தான். சுஜா பட்டுப்புடவையில், தங்கைக்குப் பரிசாக வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஏறினாள். விளக்கின் உச்சி அவள் தோளுக்கு வந்தது. எதிரே வந்தவர்களெல்லாம் அதற்கு வழிவிட்டார்கள்.

பார்வதிபுரம் தாண்டியதும் செருமல் கேட்டது. விக்கல் வந்தது. வண்டி ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி அடங்கியது.

சுதன் இறங்கிய வேகத்தைப் பார்த்தால் பிரசவ வார்டில் ஓடுகிற புருஷன் தோற்றுப்போவான். மூடியைத் திறந்து டாங்கை எட்டிப் பார்த்தான், மூடினான். ஸ்பேனரால் கார்புரேட்டரை இரண்டு தட்டுத் தட்டினான். மிதித்தான். எஞ்சின் படபடவென்று பேச ஆரம்பித்தது. அவன் தயங்கித் தயங்கி அவள் பக்கம் திரும்பினான்.

அந்த முகத்தில் இருந்த மன்றாடலை அவள் ஆஸ்பத்திரியில்கூட அதிகம் பார்த்ததில்லை. "நிண்ணுதா? நான் பாக்கல்ல. புடவையைச் சரி பண்ணிட்டு இருந்தேன்" என்றாள்.

அவன் நன்றியோடு ஓட்டினான். வில்லுக்குறி வந்தது, போனது. அவன் விசில்கூட அடித்தான். தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால், குமாரகோவிலுக்குப் பிரிகிற சாலையைக் கடந்ததும் விசில் நின்றது. அடுத்து வண்டியும் நின்றது.

இந்தமுறை அவன் இறங்கி ஓடவில்லை. மூடியைத் திறக்கவில்லை, ஸ்பேனரையும் தொடவில்லை. கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். "சரிட்டி. தோத்தேன்" என்றான்.

அவள் இரண்டாவது தடவையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் கால் வலித்தது, விளக்கு கனத்தது. விளக்கோடு இறங்கிவிட்டாள். மரியஜானுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இருப்பான். நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அவளைத் திருவட்டாறில் விட ஓர் ஆட்டோவும் கொண்டுவருவதாகச் சொல்லி, அந்த வழியே வந்த ஒரு ஸ்கூட்டரைக் கைகாட்டி ஏறிப் போனான். போகும்போது திரும்பிப் பார்த்தது அவளையா வண்டியையா என்று சுஜாவுக்குத் தெரியவில்லை.

சாலையோரம் ஒரு பழக்கடை. மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று வாழைக்குலைகள் தொங்கின. கடைக்காரி குளோரி இவளைக் கூப்பிட்டு நிழலில் ஸ்டூல் போட்டாள். இரண்டு மட்டிப்பழம் உரித்துக் கொடுத்தாள். புருஷன் எங்கே போகிறான், விளக்கு என்ன விலை, பால்காய்ப்பு யார் வீட்டில் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வண்டிக்கு வந்தாள்.

"பெட்ரோல் கெடக்கா மக்களே? எனக்க மருமவன் இப்பிடித்தான் ரெண்டு மணிக்கூறு தள்ளிட்டு வந்தான். பாத்தா உள்ள ஒரு சொட்டு இல்ல."

வாய் வரை நிரப்பியதாகத்தான் சொன்னான். இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்று சுஜா எழுந்து போனாள். போனவள் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கண்ணாடி டியூப். உள்ளே பெட்ரோல் இல்லை. ஒரு நீளக் காற்றுக்குமிழிதான் அசையாமல் நின்றது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மூடியைத் திருகினாள். அது லேசில் வரவில்லை, உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. இரண்டு கையாலும் திருகியதும், குழந்தை இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சி முடிக்கும்போது வருகிற மாதிரி ஒரு சின்ன 'ஸ்ஸ்ஸ்'. சத்தம் அடங்குவதற்குள் கீழே டியூபில் குமிழி நகர்ந்து மேலே ஏறியது. பெட்ரோல் கடகடவென்று இறங்கியது.

சுஜா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

டிரிப். இது டிரிப் பாட்டில்.

நர்சிங் சேர்ந்த முதல் மாதம் அவள் வாங்கிய முதல் திட்டே இதற்குத்தான். நசுங்காத கெட்டிக் குளுகோஸ் பாட்டிலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். இறங்கிய தண்ணீருக்குப் பதிலாக மேலே காற்றுப் போக வழி இல்லாவிட்டால் எப்படி இறங்கும்? பாட்டிலின் தலையில் ஒரு ஊசி குத்திக் காற்று விட வேண்டும். விட்டதும் சொட்டு தொடரும். பாட்டில் நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்கும், காலியாக இருந்தால் தாமதமாக நிற்கும். அதனால்தான் கடைத்தெருவுக்கு அரை டாங்கில் போனால் நிற்பதில்லை. அவளை ஏற்றிக்கொண்டு தூரம் போக டாங்கை நிரப்பும்போதெல்லாம் நிற்கிறது. நின்றதும் பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் மூடியைத்தான் திறக்கிறார்கள். காற்றுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஜெட்டை ஊதினாலும் ஓடும், ஸ்பேனரால் தட்டினாலும் ஓடும், பாட்டுப் பாடினாலும் ஓடும்.

அப்படியானால் மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருக்க வேண்டும். கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் இருந்தது, ஊசிமுனை அளவு. வாயை வைத்து ஊதினாள். காற்றுப் போகவில்லை. நிமிர்த்தினாள்.

மூடியின் நடுவில், துளை இருக்க வேண்டிய இடத்தில், கெட்டிப்பட்ட சந்தனம்.

வெள்ளிக்கு வெள்ளி வைத்த பொட்டு. ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, மிளகு போலத் திரண்டிருந்தது. முன்பெல்லாம் ஹெட்லைட் விளிம்பில்தான் வைப்பாள். சித்திரையில் அந்த வளையத்துக்கு அவன் புதுசாகக் குரோமியம் போட்டுக்கொண்டு வந்து, இதிலே மட்டும் வைக்காதே, கறை பிடிக்கும் என்று கெஞ்சினான். அவளும் சரியென்று மூடிக்கு மாற்றினாள். சித்திரையில்.

புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். சுரண்டச் சுரண்ட மஞ்சள் பொடி உதிர்ந்தது. பெட்ரோல் வாடையும் சந்தன வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. துளைக்குள் ஊக்கின் முனையை விட்டு மெதுவாகத் திருகினாள். மறுபடி ஊதியபோது மூடி விசில் அடித்தது.

முடிந்தது கதை. இனி வண்டி நிற்காது.

அவள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். நிற்காது என்று இப்போது உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சுதனுக்குத் தெரியாது, மரியஜானுக்குத் தெரியாது. மூடியை மாட்டிவிட்டு இன்னொரு மட்டிப்பழம் தின்றுகொண்டிருந்தால் போதும், வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் காலை வைக்க இடமுள்ள ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். அவளே ஓட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போகலாம். மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறுதான் அவளுக்கு விடுமுறை விழும். அன்றைக்கு வீட்டுக்காரனின் கால்கள் மட்டும் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க வேண்டியதில்லை. அவள் கேட்டதும் அதைத்தானே. பந்தயமும் நியாயமாகத்தான் நடந்தது.

மூடியைத் திரும்ப மாட்டப் போனபோதுதான் அதைக் கவனித்தாள். கண்ணாடி மாதிரி மின்னிய அந்த மூடியில், பொட்டு இருந்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு மங்கல் கோடு. பாலிஷ் துணி அந்தக் கோடு வரை வந்து, வளைந்து, திரும்பிப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கு ஞாயிறு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் துடைத்தவன், இந்தப் பொட்டை மட்டும் ஒரு தடவைகூடத் தொடவில்லை.

சவத்து மனுஷன் என்று வாய்க்குள் திட்டினாள். அதற்கு மேல் யோசிக்க விடாமல் தக்கலைப் பக்கமிருந்து ஒரு குட்டியானை லாரி வந்து நின்றது.

மரியஜான் அத்தர் மணக்க, சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு குதித்தான். வண்டியை ஏற்ற இரண்டு பலகையும் தும்புக் கயிறும் கொண்டுவந்திருந்தான். "சிஸ்டர், நீங்க இனி பஸ்ஸுல நிம்மதியாட்டு போலாம்" என்று வாழ்த்தினான். ஆட்டோ பின்னால் வருகிறது என்று, லாரியின் மறுபக்கம் இறங்கி வந்த சுதன் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மரியஜான் பலகையைச் சாய்க்கிற நேரத்தில் சுதன் சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தான். போகிற பிள்ளைக்குத் தலைவாரிவிடுகிற மாதிரி ஹெட்லைட்டைத் துடைத்தான், கைப்பிடியைத் துடைத்தான், டாங்கைத் துடைத்தான். துணி மூடிக்கு வந்தது. வழக்கம்போல வளையப் போன கை அப்படியே நின்றது.

"பொட்டு எங்கட்டி?"

சுஜாவின் கை புடவை ஊக்குக்குப் போனது.

"இந்த மூடியில பொட்டு உண்டுல்லா. நீ வச்சது. நான் ஒருநாளும் தொட்டது இல்லியே" என்றான் அவன். குரலில் ஏதோ களவு போய்விட்ட பதற்றம். வண்டி போவதற்குக்கூட அவன் இவ்வளவு பதறவில்லை. குனிந்து தரையில் வேறு தேடினான்.

"தேடாண்டாம் அத்தான். நாந்தான் சொரண்டி எடுத்தேன்" என்றாள் சுஜா. "அதுதான் இந்த நாலு மாசமா உங்களை ரோட்டுல நிறுத்திச்சு."

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மூடியைக் கழற்றித் துளையைக் காட்டினாள், ஊதி விசில் அடித்துக் காட்டினாள், டிரிப் பாட்டிலைக் கையால் வரைந்து காட்டினாள். குளோரி ஒரு குலையைக் கையில் பிடித்தபடியே வந்து நின்று கேட்டாள். சுதன் மெதுவாக ஞாபகம் வந்தவன்போல, கோட்டாறு ததேயுஸ் டாங்கைக் கழற்றியபோதுகூட மூடியை மட்டும் தனியே எடுத்து, சாமி பொட்டு இருக்கிறது, நம்ம கை படக்கூடாது என்று புதுப் பேப்பர் விரித்து அதன் மேல் வைத்தார் என்றான். ஊரே அந்தப் பொட்டுக்கு மரியாதை செய்திருக்கிறது.

மரியஜான்தான் முதலில் தெளிந்தான். "அதெல்லாம் கொள்ளாம். ஆனா வாக்குண்ணு ஒண்ணு உண்டே அண்ணே. வண்டி நிண்ணுதா, நிக்கல்லியா?"

"நிண்ணுது" என்றான் சுதன். அவன் அப்படித்தான் சொல்வான் என்று சுஜாவுக்குத் தெரியும்.

"அது என்ன வண்டிக்க குத்தமா?" என்று அவள் நடுவில் புகுந்தாள். "நான் ஒருத்தருக்க மூக்கைப் பொத்திப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு விடல்ல, கொண்டு பொதைங்கண்ணு சொன்னா நீங்க எடுத்துட்டுப் போவியளா மரியஜான்?"

குளோரி, அதானே என்றாள். மரியஜான் அவளை ஒரு பார்வை பார்த்தான். பழக்காரியைத் தனக்கு எதிராக வைத்துக்கொண்டு தக்கலையில் காலம் தள்ள முடியாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பலகையைத் திரும்ப ஏற்றினான்.

"ஒரு காரியம் செய்வோம். திருவட்டாறுக்கு இன்னும் பாதி தூரம் கெடக்கு. நீங்க ரெண்டுபேரும் முன்னால போங்க, நான் பொறத்தால வாறேன். நிக்காம போச்சுண்ணா உங்க வண்டி. நிண்ணுதுண்ணா நிண்ண எடத்துல ஏத்துவேன். அப்பம் மூக்கு, மூச்சு, ஒண்ணும் பேசப்பிடாது."

சுதன் சுஜாவைப் பார்த்தான். அவள் குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வந்த ஆட்டோவைத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படியொரு பயணத்தை அந்தச் சாலை பார்த்திருக்காது. முன்னால் மெரூன் யெஸ்டி, அதில் பட்டுப்புடவையும் விளக்குமாக சுஜா. பின்னால், பிணத்துக்குக் காத்திருக்கும் கழுகு மாதிரி, பலகையும் கயிறும் ஏற்றிய குட்டியானை. தக்கலை பஸ் ஸ்டாண்டு முன்னால் நெரிசல். சுதன் காலை ஊன்றிக்கொண்டு, எஞ்சின் அடங்காமல் முறுக்கிக்கொண்டே இருந்தான். போலீஸ்காரர் முறைத்தார். அதற்கும் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு நகர்ந்தான். அழகியமண்டபம் வந்தது. அங்கே ஒரு பேக்கரியைப் பார்த்ததும் சுஜாவுக்கு, அஞ்சலி வாங்கிவரச் சொன்ன மிக்சரை வாங்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

"அத்தான், ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"நிறுத்தவா? ஆளைப் பாரு. பொறத்தால வாறான்."

"நாமளே நிறுத்துறதும் கணக்கா?"

"அவன் கணக்குல எல்லாம் கணக்குதான்" என்று சொல்லி அவன் இன்னும் வேகம் கூட்டினான். மிக்சர் போனது.

ஏற்றம் வந்தது. இறக்கம் வந்தது. ரப்பர் தோட்டங்களின் நிழல் மாறி மாறி மேலே விழுந்து ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் சுஜா செருமலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடுவே ஒருமுறை எஞ்சின் குரல் கம்மிய மாதிரி இருந்தது. விளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போ மக்கா, போ" என்று அவள் சொன்னது சுதனிடமா யெஸ்டியிடமா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கியர் மாற்றினான். குரல் தெளிந்தது.

அஞ்சலியின் வீடு ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே சாலையோரம் இருந்தது. குலைவாழை கட்டிய வாசலில் மொத்தக் குடும்பமும் நின்றது. பிள்ளைகள் இருவரும் கை ஆட்டினார்கள். அஞ்சலி சிரித்துக்கொண்டே இரண்டடி முன்னால் வந்தாள். யெஸ்டி அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

"வீடு போவுது அத்தான்."

"நான் சொன்னது திருவட்டாறு வரைண்ணு. இது இன்னும் திருவட்டாறு ஆவல்ல."

சுஜா திரும்பிப் பார்த்தாள். அஞ்சலி முன்னால் வைத்த காலோடு சிலையாக நின்றாள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அவர்களைத் தாண்டி வந்த குட்டியானையிலிருந்து மரியஜான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு போனான். சுஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விளக்கு மடியில் கிடந்து ஆடியது. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் இவனோடு குற்றாலம் போனபோது சிரித்ததற்குப் பிறகு இப்படிச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

ஆதிகேசவப் பெருமாள் கோயில் படிக்கட்டின் கீழே சுதன் வண்டியை ஓரங்கட்டினான். ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. அணைக்க அவனுக்குப் பயம். அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி சுஜாதான் சாவியைத் திருப்பினாள்.

மரியஜான் இறங்கி வந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். எஞ்சின் மேல் கையை வைத்துச் சூடு பார்த்தான். "சரி, உங்க வண்டிதான்" என்றான். பிறகு, வந்ததற்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தவன்போல, "இனி ஞாயித்துக்கெழமை உமக்கு என்ன சோலி இருக்கு அண்ணே? இதுக்க அடியில கெடக்க வேண்டாமே" என்றான்.

அவன் சும்மா சொன்னதுதான். ஆனால் சுதன் முகத்தில் வெற்றியின் வெளிச்சம் சட்டென்று குறைந்ததை சுஜா பார்த்தாள். நாலு மாதமாகத் தேடிய நோய் தீர்ந்துவிட்டது. டியூபை மாற்ற வேண்டாம், ஜெட்டை ஊத வேண்டாம், பஞ்சாப்காரரையும் கேட்க வேண்டாம். ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

மரியஜானைச் சாப்பிட வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினாள். அவன் இலையை நினைத்துச் சந்தோஷமாகவே லாரியைத் திருப்பினான். சுஜாவின் போன் அடித்தது. அஞ்சலி. நீங்க தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது, நல்ல சகுனம்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் நீ இங்கே வா, உனக்கு இருக்கிறது என்றாள்.

போனை வைத்துவிட்டு சுஜா சொன்னாள்: "அடுத்த ஞாயிறு எனக்கு லீவு."

"ம்."

"காலையில டாங்க் நெறைய அடிச்சுக்கிட்டு முட்டம் போறோம். கடலைப் பாத்துட்டு, மீன் வறுத்தது வாங்கித் தின்னுட்டு, சாயங்காலமா வாறோம். பிள்ளைகளை அம்மா பாத்துக்கிடுவா."

சுதன் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். "இதுலயா?"

"பொறவு எதுல?"

அவன் மிதிகட்டையில் காலை வைத்தான். மிதிக்காமல் ஒரு கணம் யோசித்தான். "வழியில நிண்ணுட்டுண்ணா?"

"நிண்ணா எறங்கி நிப்போம்" என்றாள் சுஜா. "மிதிங்க. அங்க ஆளைக் காணோம்ணு தேடுவாவ."